எட்டாவது ஆளிலிருந்து

டாக்டர் பாலகோபால் மதிக்கத் தகுந்தவர்கள் என்று உலகத்தில் மூன்று பேரைத்தான் வைத்திருந்தார். ஒருவர், எடின்பரோவில் அவருக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்காரர். இன்னொருவர் காலமாகிவிட்டார். மூன்றாமவரை அவர் தினமும் காலையில் சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் பார்ப்பார்.

மற்றவர்கள் எல்லாம் அவருக்கு ஒரே மந்தை. தொண்ணூற்றாறாம் வருஷம் ஆனி மாதம் அந்த மந்தையின் சத்தம் பல்கலைக்கழகத்தில் சற்று அதிகமாகவே கேட்டது. காரணம், துணைவேந்தர் அனுப்பிய ஒரு சுற்றறிக்கை. உடல்நல அறிவியலில் இனி ஐந்தே ஐந்து ஆய்வுப் புலங்களுக்குத்தான் ஆதரவு என்றும், அவை எவை என்பதை வெள்ளிக்கிழமை கூடும் குழு முடிவு செய்யும் என்றும் அதில் எழுதியிருந்தது. தேர்ந்தெடுக்கப்படும் புலத்துக்குத் தனி ஆய்வுக்கூடம், இரண்டு உதவியாளர், அதன் தலைவருக்குப் பேராசிரியர் பதவி. ஒன்பது பேர் போட்டியிட்டார்கள்.

மற்ற எட்டுப் பேரையும் நினைத்தால் பாலகோபாலுக்குச் சிரிப்பு வந்தது. ரத்தசோகைக்கு விண்ணப்பித்த அம்மாள் இருபது வருஷமாக முருங்கைக்கீரையைத் தாண்டி யோசித்ததில்லை. கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு தேடுகிறவர் அறை முழுக்கப் பாட்டில் அடுக்கி வைத்திருந்தார். அந்த ஆள் ஒரு சோடாக்கடை வைத்திருந்தால் ஊருக்குப் பிரயோசனமாக இருந்திருக்கும். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை அளக்கிறவருக்குச் செருப்புக்கடை பொருத்தம். பாம்புக்கடி ஆராய்ச்சி செய்கிறவரைப் பாம்புகூட மதித்துக் கடிக்காது.

தன்னுடைய ஆய்வு அப்படியில்லை என்பது அவர் துணிபு. பஞ்சுத் தூசி மனிதர்களின் மூச்சை என்ன செய்கிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட விஷயம். அன்னூர் போகிற வழியில் சுப்பண்ணன் என்பவருடைய ஜின்னிங் ஃபேக்டரி இருந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இடம். பங்குனி மாதத்தில் ஒரு நாள் அங்கே போய், வேலை செய்யும் நாற்பத்தொரு பெண்களின் மூச்சையும் அவரே அளந்து வந்தார். கையடக்கமான பிளாஸ்டிக் கருவி அது. ஒரு முனையில் சின்னக் குழல் ஒன்றைச் செருகி, அதில் வாய் வைத்து ஒரே மூச்சாக ஊத வேண்டும். ஊதுகிற வேகத்துக்கு ஏற்ப முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். நல்ல நுரையீரல் உள்ள பெண் ஊதினால் முந்நூற்றைம்பதுக்கு மேல் போகும். அன்று முப்பத்துநான்கு பேருக்கு முள் நூற்றைம்பதைக்கூடத் தொடவில்லை. நாற்பத்தொன்றில் முப்பத்துநான்கு! எந்த நாட்டிலும் யாருக்கும் கிடைக்காத எண்ணிக்கை. அந்தப் பெண்களின் நுரையீரல் கெட்டுப்போனதை நினைத்து அவருக்கு வருத்தம் வரவில்லை என்று சொன்னால் பாவம். வருத்தம் வந்தது, ஆனால் சந்தோஷம் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அந்த ஒரு நாளை அவர் எப்படிக் கழித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி மேலாளர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். வெற்றிலை போட்ட வாய்களைப் பார்க்கப் பிடிக்காமல் முள்ளை மட்டுமே பார்த்தார். "ஊதும்மா, பலமா" என்றார். "பலமாத்தானுங்க ஊதறேன்" என்றார்கள். ஆளுக்கு மூன்று முறை. நடுவில் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, உதடு படாமல் அண்ணாந்து குடித்தார். அந்தப் புட்டியைக் கழுவியது பியூன். அவன் கை என்ன கையோ. இந்த ஜனங்களுக்குச் சுத்தம் என்றால் என்னவென்று யார் சொல்லிக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டார்.

போகட்டும். முடிவு வந்த பெருமிதத்தில் அவர் ஒரு காரியம் செய்துவிட்டார். முப்பத்துநான்கு பேரின் பெயரையும் எண்ணையும் போட்டு சுப்பண்ணனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். 'தங்கள் தொழிலாளர்களின் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளது' என்று அதில் இருந்தது. தன் பெயருக்குக் கீழே பட்டங்களை இரண்டு வரிக்கு எழுதியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஜீப் டிரைவர் நரசிம்மலு அறைக்குள் தலையை நீட்டினார்.

"சார், அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருக்குதுங்க. ஜின்னிங் பேக்டரியாமா."

பின்னாலேயே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். பாலகோபாலின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் சித்திரையிலிருந்தே ஓடவில்லை. அவரே இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே வருவார். இவள் நின்றவுடனே பேச ஆரம்பித்தாள். அதை அவர் கவனிக்கவில்லை.

"கும்புடறனுங்க சார். என்னைய ஞாபகமிருக்குதுங்களா?"

"எத்தனாவது நம்பர்?"

"நம்பரெல்லாம் தெரியாதுங்க. பேரு மாசாணியம்மாளுங்க."

மூலையில் தட்டச்சு எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த சாயிரா பானு பதிவேட்டைப் புரட்டினாள். கோட்டைமேட்டுப் பெண். இரண்டு மாதத்துக்கு முன்தான் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். அவளையும் பாலகோபால் மந்தையில்தான் வைத்திருந்தார். கொஞ்சம் கையெழுத்து நன்றாக இருக்கிற ஆடு.

"இருபத்திரெண்டு, சார். நூத்தி முப்பது."

"நூத்தி முப்பதா!" பாலகோபால் முதல் தடவையாக மாசாணியம்மாளை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, இந்த மூச்சை வெச்சுக்கிட்டு நீ எப்படி இவ்வளவு தூரம் வந்தே?"

"பஸ்ஸுலதானுங்க வந்தேன். ரெண்டு பஸ் மாறி."

சாயிரா குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

மாசாணியம்மாள் விஷயத்துக்கு வந்தாள். கடிதத்தைப் பார்த்த முதலாளி பயந்துபோனாராம். வரும் திங்கட்கிழமையிலிருந்து முப்பத்துநான்கு பேரும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"அவரு மேல தப்பு சொல்ல மாட்டனுங்க. 'மாசாணி, டாக்டர் எழுதிக் குடுத்த காயிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு உங்களைய மெஷினுகிட்ட நிறுத்துனா, நாளைக்கு ஒருத்தி மூச்சு முட்டி உழுந்தா பாவம் என்ற தலையிலல்ல வந்து சேரும்'ங்கறாரு. ஆனா எனக்கு மூச்சு நல்லாத்தானுங்க இருக்குது. ரெண்டு கொடம் தண்ணி எடுத்துட்டு மேட்டு மேல ஏர்றனுங்க. நெம்ப நல்லா இருக்குதுங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"இங்க பாரும்மா. மெஷின் பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்வாங்க. வேலை போயிடும்னு பயத்துல உனக்கு நல்லா இருக்கிற மாதிரி தோணுது."

"அப்படீங்களா" என்றாள் மாசாணியம்மாள். விருந்துக்கு வந்த ஒறம்பரை சோறு குழைந்துவிட்டது என்று சொல்லிக் கேட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். "முருங்கக்கா கொஞ்சம் கொண்டாந்தேனுங்க. ஊட்டு மரத்துல காச்சது."

"அதெல்லாம் வேண்டாம். நரசிம்மலு, எடுத்துக்கிட்டுப் போ."

சாயிரா எழுந்து வெளியே போனாள். தாழ்வாரத்தில் ஒரு மண்பானை உண்டு, அதன் மேல் எவர்சில்வர் டம்ளர் ஒன்று கவிழ்த்திருக்கும். துறையில் எல்லாரும் அதில்தான் குடிப்பார்கள். பாலகோபால் மட்டும் அதைத் தாண்டும்போது சற்று வேகமாக நடப்பார். அந்த டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க."

மாசாணியம்மாள் டம்ளரை வாங்கி, முகத்தை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக் குடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. உதடு டம்ளரில் படவும் இல்லை.

சாயிரா அதைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்தாள்.

"அக்கா, அன்னிக்கு ஊதின மாதிரியே ஒரு தடவை ஊதிக் காட்டுங்க."

"சாயிரா, என்ன விளையாட்டு இது?" என்றார் பாலகோபால்.

"ஒரே நிமிஷம், சார்."

மாசாணியம்மாள் கருவியை வாங்கிக்கொண்டாள். பெரிய மனிதர் எதிரே வாயைத் திறப்பது மரியாதை இல்லை என்பதுபோல் ஒருபுறம் திரும்பி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு ஊதினாள். முள் நூற்று இருபதில் நின்றது.

"பாத்தியா" என்றார் பாலகோபால்.

சாயிரா அருகே போய் முந்தானையை மெல்ல விலக்கினாள். "இன்னொரு தடவை, அக்கா."

இந்த முறை எல்லாருக்கும் தெரிந்தது. குழலுக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. டம்ளரை எப்படிப் பிடித்தாளோ அப்படியே குழலையும் பிடித்து ஊதினாள். மூச்சில் முக்கால்வாசி வெளியே போயிற்று.

"அக்கா, நீங்க வாயே வெக்கலையே!"

"அதெப்புடி அம்மணி வெக்கறது? எனக்குப் பொறவு பாவாத்தா ஊதோணும். அவளுக்குப் பொறவு இன்னொருத்தி. நாம வாய் வெச்சு எச்சில் பண்ணிப்போட்டு அடுத்தவ கையில குடுத்தா நல்லாவா இருக்கும்? டாக்டர் சாரு வேற அத்தனை சுத்தமா வெச்சிருக்கற மெஷினு."

"எல்லாருமே இப்படித்தான் ஊதினாங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் கண்ணு. மொதல்ல போன ஏழு பேருக்கு மட்டும் ஆளுக்கொரு புது அட்டைக் கொழா குடுத்தாரு. அவுங்க வாய் வெச்சு ஊதுனாங்க. அப்பறமேட்டுக்கு ஒரே கொழாதான். டெட்டாலு தண்ணில முக்கி முக்கிக் குடுத்தாரு. முக்குனாலும் மனசு வரோணுமல்ல?"

சாயிரா பதிவேட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். முன்பே ஒருமுறை, முதல் ஏழு பேருக்கு மட்டும் நுரையீரல் நன்றாக இருந்து எட்டாவது ஆளிலிருந்து வரிசையாகக் கெட்டுப்போவது எப்படி என்று அவரிடம் கேட்டிருந்தாள். "டைப் அடிக்கிறவங்க டைப் அடிச்சா போதும்" என்று அவர் சொல்லியிருந்தார். அவள் இப்போது அதை நினைவுபடுத்தவில்லை. அவருக்கே நினைவு வந்தது.

அட்டைக் குழல் பெட்டியில் அன்று ஏழுதான் மீதி இருந்தது. இன்னொரு பெட்டி அவர் அலமாரியிலேயே இருந்தது. அதைத் தேடி எடுக்க அலுப்பாக இருந்தது. இவர்களுக்கு இது போதும் என்று நினைத்தார். நினைத்தது மட்டுமில்லை, நரசிம்மலுவிடம் வாய்விட்டும் சொன்னார்.

"படிக்காத ஜனங்க" என்றார் பாலகோபால். "ஊதுன்னா ஊத வேண்டியதுதானே? இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கணுமா இல்லையா?"

"ஆமாங்க சார்" என்றாள் மாசாணியம்மாள் உடனே. "நாங்க சொல்லிப்போட்டு ஊதியிருக்கோணும். சொல்லாம ஊதுனது எங்க தப்புத்தானுங்க. நீங்க அதுக்காவ மனசு கெட்டுப்போகாதீங்க." பிறகு தயங்கிக் கேட்டாள்: "அப்ப, திங்கக்கெழமை வேலைக்கு வாரேன்னு மொதலாளிகிட்டச் சொல்லலாமுங்களா?"

"வெள்ளிக்கிழமை போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

அவள் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். தாழ்வாரத்தில் நரசிம்மலுவிடம், "அண்ணா, அந்த முருங்கக்காய உங்கூட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க, வாடிப்போயிரும்" என்று சொல்வது உள்ளே கேட்டது.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல இந்தக் கணக்கைக் கொடுத்துட்டா, அப்புறம் மாத்த முடியாது, சார்" என்றாள் சாயிரா.

"உங்க வேலையைப் பாருங்க."

அவள் பார்த்தாள். தட்டச்சு எந்திரத்துக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, மத்தியானம் அரை நாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

பாலகோபால் தனியே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை இந்த எண்களைப் படித்தால் பேராசிரியர் பதவி நிச்சயம். படிக்காவிட்டால் சோடாக்கடைக்காரருக்கும் செருப்புக்கடைக்காரருக்கும் கீழே. யார் போய் அன்னூரில் பார்க்கப் போகிறார்கள்? முப்பத்துநான்கு பெண்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். தேடிக்கொள்ளத் தெரிந்த ஜனங்கள்தான்.

நாக்கு வறண்டது. வழக்கம்போலப் புட்டியைத் திறந்து, அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டார். பாதி குடித்தவர் அப்படியே நிறுத்தினார். தண்ணீர் முகவாயில் வழிந்து சட்டையில் இறங்கியது.

அவளும் இப்படித்தான் குடித்தாள். அதே அண்ணாத்தல், அதே ஒரு சாண் உயரம். ஆர்.எஸ்.புரத்து வீட்டில் சின்னப் பையனாக இருந்தபோது அவருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவருக்குத் தெரியாத வழக்கமில்லை. ஆனால் அவர் அப்படிக் குடித்தது, தனக்கு முன்னால் தொட்டவனை நினைத்து. அவள் அப்படி ஊதியது, தனக்குப் பின்னால் வருகிறவளை நினைத்து. எடின்பரோவில் படித்த மருத்துவர் ஒருவர், ஒரு குழலில் முப்பத்துநான்கு பேர் வாய் வைப்பார்கள், யாருக்கும் கூச்சம் இருக்காது என்று நம்பியிருக்கிறார். அவர்களை மனிதர்கள் என்று நினைத்திருந்தால் அது ஒரு கணத்தில் தோன்றியிருக்கும்.

கடவுள் ஒரு மனிதனைத் திருத்த வேண்டும் என்று நினைத்தால் இடியையும் மின்னலையும் அனுப்புவதில்லை. பெரும்பாலும் அவன் கையில் இருக்கிற தண்ணீரே போதும். பாலகோபால் புட்டியை மூடினார். அவர் மதித்து வந்த மூன்று பேரில் அன்று மாலை இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள்.

மறுநாள் காலையில் வந்தபோது மேஜை மேல் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு வெட்டிய காகிதக் குழல்கள்.

"என்ன இது?"

"மில்லுகளுக்கு நூல் சுத்தற காகிதக் குழா எங்க அத்தா பட்டறையில செய்யறாங்க, சார். நேத்து அலமாரியைத் தேடினதுல ஒரு பெட்டி அட்டைக் குழா இருந்தது, ஆனா செல் அரிச்சுப்போச்சு. மாதிரிக்கு ஒண்ணைக் கொண்டுபோய்க் காட்டினேன். அத்தா ராவுத்தூக்கம் கெடாம அரை மணி நேரத்துல வெட்டிட்டாங்க. புதுக் காகிதம், யாரும் தொடலை. நாப்பத்திரெண்டு இருக்கு."

அவளுடைய தகப்பனார் கலீல் ரஹ்மான் எதற்கு என்று மட்டும் கேட்டாராம். சொன்னதும், "அப்ப முனையைத் தேய்ச்சுக் குடுக்கணும், உதட்டைக் கிழிச்சிடும்" என்று ஒவ்வொன்றின் விளிம்பையும் உப்புத்தாளில் தேய்த்தாராம்.

"நாப்பத்தொரு பேர்தானே?"

"ஒண்ணு உங்களுக்கு, சார். எப்படி ஊதறதுன்னு நீங்கதான் மொதல்ல காட்டணும்."

"நான் வர்றேன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை, சார். ஜீப்புல டீசல் போட்டாச்சுன்னு நரசிம்மலு அண்ணன் சொன்னாரு."

பாலகோபால் ஒரு குழலை எடுத்து விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். சாயிரா ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருந்தாள். நம்பர் எழுதவில்லை.

ஃபேக்டரியில் சுப்பண்ணன் வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளை வேட்டியின் ஓரத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க டாக்டரே, மறுக்காவா? போன தடவ நீங்க வந்துட்டுப் போனதுல எனக்கே நெஞ்சு வலி வந்துபோச்சுங்க."

"போன தடவை நான் தப்பா அளந்துட்டேன்" என்றார் பாலகோபால். அந்த வாக்கியத்தை அவர் வாழ்நாளில் அதற்கு முன் சொன்னதில்லை. ஜீப்பில் வரும்போது மனசுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

மேலாளர் அறைக்கு அவர் போகவில்லை. களத்து வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போடச் சொன்னார். பெண்கள் தலைத்துண்டில் பஞ்சோடு வந்து கூடினார்கள். சாயிரா பெயர் வாசித்து ஆளுக்கொரு குழலைக் கொடுத்தாள். இது உங்களுக்கே, வேறு யார் வாயும் படாது, நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றாள். 'பாலகோபால்' என்று எழுதிய குழலை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினார். முள் முந்நூற்று நாற்பதில் நின்றது. ஆணுக்கு ஐந்நூறாவது வர வேண்டும். எடின்பரோவில் பழகிய சிகரெட் இருபது வருஷமாகத் தன் வேலையைச் செய்திருந்தது.

"எத்தனைங்க?" என்று கேட்டாள் மாசாணியம்மாள்.

"முந்நூத்தி நாப்பது."

"அது நல்லதுங்களா?"

"இல்லை."

"அய்யோ, அப்ப உங்களையும் திங்கக்கெழமையிலிருந்து நிறுத்திப்போடுவாங்களாட்ட இருக்குதே!"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. சுப்பண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பாலகோபாலுக்குக் காது சூடேறியது. அவரைப் பார்த்து யாரும் சிரித்து முப்பது வருஷமாவது இருக்கும். ஆச்சரியம், அதில் செத்துப்போய்விடவில்லை.

மாசாணியம்மாள் குழலை உதட்டுக்கு நடுவில் வைத்து ஊதினாள். முந்நூற்றுத் தொண்ணூறு. அடுத்தவள் முந்நூற்று எழுபது. ஒருத்தி ஊதிய வேகத்தில் தலைத்துண்டுப் பஞ்சு பறந்தது. பிற்பகல் மூன்று மணிக்குள் நாற்பத்தொரு பேரும் முடிந்தார்கள். முப்பத்தாறு பேருக்குக் குறையில்லை. ஐந்து பேருக்குத்தான் முள் உண்மையாகவே எழும்பவில்லை. அவர்களில் மூத்தவள் பாவாத்தாள். உதட்டை இறுக்கி வைத்து மூன்று முறையும் ஊதினாள், நூற்றைம்பதைத் தாண்டவில்லை. ஊதி முடித்து மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

பாலகோபால் பெஞ்சிலிருந்து எழுந்து அவளை உட்காரச் சொன்னார். "எப்ப நெஞ்சு அடைக்கும்?"

"திங்கக்கெழமைங்க. ஞாயித்துக்கெழம லீவுல நல்லா இருக்கும். திங்கக்கெழம வந்து மெஷினுகிட்ட நின்னா அமுக்கும். புதன்கெழம வந்தா செரியாயிரும். மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு, இப்ப எல்லா நாளும் ஒண்ணுதானுங்க."

பஞ்சு நோயின் முதல் அடையாளமே இந்தத் திங்கட்கிழமை அடைப்புதான். அவருடைய படிவத்தில் அதைக் கேட்க ஓர் இடம் இருந்தது. பங்குனியில் நாற்பத்தொரு படிவத்திலும் கேட்காமலேயே அவர் 'ஆம்' என்று எழுதியிருந்தார்.

"இதை அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே" என்றாள் பாவாத்தாள், மன்னிப்புக் கேட்கிறவளைப்போல.

சுப்பண்ணனிடம் புதுக் கடிதம் ஒன்றை அங்கேயே எழுதிக் கொடுத்தார். முப்பத்தாறு பேருக்கு வேலை செய்யத் தடையில்லை. ஐந்து பேர் தூசியிலிருந்து விலகியிருக்க வேண்டும். அவர்களை வியாழக்கிழமைதோறும் தானே பார்ப்பதாக எழுதினார். கீழே பெயரை மட்டும் போட்டார். சுப்பண்ணன் இரண்டு முறை படித்தார்.

"அஞ்சு பேரையும் அனுப்ப வேண்டியதில்லீங்க. வெளிக்களத்துல கொட்டை காயவெக்கற வேலைக்குப் போட்டுக்கறேன். மத்தவங்க திங்கக்கெழம வந்துரட்டும்." பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "இன்னைக்கு மாதிரி அன்னைக்கே ஊதித் தொலைச்சிருந்தா நான் ரெண்டு வாரம் தூங்கியிருப்பேனல்ல?" என்றார்.

"அன்னைக்கு எங்களுக்குக் கொழா குடுக்கலீங்களே" என்றாள் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. நீள மேஜை, ஆளுக்கொரு பிஸ்கட் தட்டு. பாலகோபால் எழுந்து, தன் முந்தைய அட்டவணை பிழையானது என்றார். ஏன் பிழையானது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நாற்பத்தொன்றில் ஐந்து என்றார்.

தலைமை தாங்கியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆக, நீங்கள் இத்தனை மாதம் ஆராய்ந்து கண்டுபிடித்தது, கிராமத்துப் பெண்கள் எச்சில் பார்ப்பார்கள் என்பதுதானா, டாக்டர்?"

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு ஓடியது. முருங்கைக்கீரை அம்மாள் சிரித்தாரா என்று அவர் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை அவருக்கு நன்றாகத் தெரியும்; இத்தனை வருஷம் அவர் சிரித்த சிரிப்புத்தான் அது. எதிர்ப்பக்கமிருந்து கேட்டால் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

"ஆமாம், சார்" என்றார். "என் ஆய்வில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்."

உட்காரும்போது, சோடாக்கடைக்காரர் என்று அவர் மனசுக்குள் கூப்பிட்டு வந்த ஃபுளோரைடுக்காரர் தன் பிஸ்கட் தட்டை ஓசையில்லாமல் இவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பாலகோபாலின் தட்டு காலியாக இருந்ததை அவர் ஒருவர்தான் கவனித்திருந்தார்.

ஐந்து புலங்கள் அறிவிக்கப்பட்டன. ரத்தசோகை இருந்தது. கிணற்றுத் தண்ணீர் இருந்தது. பாதமும் பாம்பும்கூட இருந்தன. பஞ்சுத் தூசி இல்லை.

மூன்று மாடி ஏறி வந்தபோது மூச்சு இரைத்தது. தாழ்வாரத்தில் சாயிராவும் நரசிம்மலுவும் நின்றிருந்தார்கள்.

"என்ன ஆச்சு, சார்?"

"போச்சு" என்றார். "வியாழக்கிழமை அன்னூருக்கு ஜீப் வேணும், நரசிம்மலு. அதை எழுதி வாங்கிடுங்க." அவரை 'ங்க' போட்டுப் பேசியது இருவர் காதிலும் விழுந்தது, இருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

"குடிங்க சார், வேர்த்துக் கொட்டுது" என்று நரசிம்மலு பானையிலிருந்து மொண்டு, முதலில் அவருக்கு நீட்டினார்.

பாலகோபால் டம்ளரை வாங்கினார். நரசிம்மலுவும் வெக்கையில்தான் நின்றிருந்தார். அவர் இன்னும் குடிக்கவில்லை என்பது வறண்ட உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. பாலகோபால் முகத்தை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து, உதடு படாமல் குடித்தார். பாதியை மிச்சம் வைக்காமல், டம்ளரை மறுபடியும் பானையில் முக்கி நிறைத்து, நரசிம்மலுவிடம் கொடுத்தார்.